புருவம் வரைகிற வேலை

அவளுக்குப் புருவம் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு ஸ்டூடியோ, பிறகு அவள், கடைசியில் நான் என்று மாறி மாறி எழுபது வருடத்துக்கு மேல், மூன்று கணவர்களுக்கும் ஒரு ரசிகர் சங்கத்துக்கும் தெரியாமல் மறைத்த சங்கதி அது. இரண்டு கண்களுக்கும் மேலே, தோல் உரித்த அவித்த முட்டை போல, வழுவழுவென்று ஒன்றுமில்லை.

பதினேழு வயதில் ஹாலிவுட்டுக்குப் போனவளை முதல் வாரமே ஒரு நாற்காலியில் சாய்த்துவிட்டார்கள். நெற்றி குறுகல் என்று முன்மயிரை மின்சார ஊசியால் வேரோடு சுட்டார்கள். பல்லை அராவி உறை போட்டார்கள். புருவத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். படத்துக்குப் படம் வேறு வேறு புருவம் வரைய அவர்களுக்கு வெற்றிடம் தேவைப்பட்டது. பிடுங்கப் பிடுங்க முளைத்தது, பிறகு ஒரு நாள் முளைப்பதை நிறுத்திவிட்டது.

"வெறுத்துப்போய் நிண்டிட்டுது," என்றாள்.

மயிருக்கு இருந்த ரோசம் மனுசிக்கு இருக்கவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவற்றைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அந்த வாயில் இருந்த நக்கலும் நஞ்சும் எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்டன. அப்படியே எழுதுகிறேன். அவள் ஆட்சேபிக்கமாட்டாள். அவளுக்கு வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள்தான் வசனம் எழுதினார்கள்.

நான் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், பார்க்டேலில் ஏரியைப் பார்த்தபடி நிற்கிற ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. இருப்பது ஸ்காபரோவில். விடியற்காலை பஸ், அதற்குப் பிறகு சப்வே, அதற்கும் பிறகு ஸ்ட்ரீட்கார் என்று நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, தூங்குகிற மனிதர்களின் தோள்களுக்கு நடுவே, ஒரு முழு நாட்டைக் கடப்பதுபோல வந்து சேரவேண்டும். வழியில் எழுதுவேன். உரைநடையும் இல்லை, கவிதையும் இல்லை என்று இரண்டு பக்கத்தாரும் கைவிட்ட ஒன்றை. அது ஒரு சிறுபத்திரிகையில் வரும். அந்தப் பத்திரிகை வருவது அதில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் மாடி, ஏரிப்பக்க அறை, அவள். தொண்ணூற்று நான்கு வயது. நடிகை என்றால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நடிகை இல்லை. கதாநாயகியின் தோழி. கதாநாயகனை மணக்காதவள். இடைவேளைக்குள் செத்துப்போகிறவள். ஆனாலும் இல்லத்தில் எல்லோரும் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடவேண்டும். மூன்று கல்யாணம் செய்தவளுக்கு மிஸ் என்ன மிஸ். கூப்பிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு ஆளுக்குக் காலையில் இருபது நிமிடம். அட்டவணையில் எல்லாம் எழுதியிருக்கும்: முகம், வாய், உடம்பு, உடுப்பு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. புருவம் எழுதியிருக்காது. தன் புருவத்தைத் தானே வரைந்துகொண்டிருந்தாள் அவள், யாரும் அறைக்குள் வருமுன்பே எழுந்து, கண்ணாடிக்கு முன்னால். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. ஒரு காலை நான் போனபோது இடப்பக்கக் கோடு காதுவரை ஓடியிருந்தது. பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

"கீறு."

"எனக்குத் தெரியாது மிஸ்."

"உனக்கு ரெண்டு இருக்குத்தானே. அதைப் பார்த்துக் கீறு."

வரைந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே புருவம்தான். எங்கள் கல்யாண ஆல்பங்களில் இருக்கிற புருவம். மூக்குப் பக்கம் தடித்து, நடுவில் எழும்பி, நுனியில் மெலிகிற வில். அவள் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"ஆர் இது?"

"நீங்கள்தான்."

"பேய்க்கதை. இவள் என்னிலும் பார்க்க நல்ல குடும்பத்துப் பெட்டை."

அன்றிலிருந்து அது என் வேலையானது. குளிப்பாட்டலில் ஒரு நிமிடம், உடுப்பில் ஒரு நிமிடம், பல் விளக்கலில் ஒரு நிமிடம் என்று திருடி, தினமும் மூன்று நிமிடம் புருவத்துக்கு. விக்கையும் வைத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனால் கிழவர்கள் தலை நிமிர்ந்தார்கள். யார் வரைந்தது, எவ்வளவு வடிவு என்றார்கள். இருபத்தைந்து வருடம் எழுதி எனக்குக் கிடைக்காத வாசகர்கள் இரண்டு கோடுகளுக்குக் கிடைத்தார்கள். நான் அதில் கொஞ்சம் மயங்கிப்போனேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பென்சிலை யூனிஃபோர்ம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக்கொள்வதுபோல.

அந்த மூன்று நிமிடங்களில்தான் அவள் தன் வாழ்க்கையைச் சொன்னாள். மூன்று மூன்று நிமிடமாக, முன்பின்னாக, புருவம் கோணக்கூடாது என்று உதட்டை மட்டும் அசைத்து.

இந்த நகரத்திலேயே பிறந்தவள். அப்பா ஸ்ட்ரீட்கார் கண்டக்டர். அம்மா சலவைக்கடையில் மற்றவர்களின் சட்டைக் கழுத்துகளைத் தேய்த்தவள். ஒரு அழகுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் இவளுக்கு ரயில் டிக்கெட் கிடைத்தது. ஸ்டூடியோ ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. பெயரை மாற்றியது. விளம்பரப் பிரிவில் ஒருவன் மேசையில் காலைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் புதிய தகப்பனை எழுதினான்: கடல் கப்பலின் கேப்டன். தாய் ஸ்பெயின் தேசத்து நடனக்காரி. கண்டக்டர் அப்பா அதைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினாராம். 'மகளே, கப்பல் எந்த ஊரில் நிற்கிறது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவா?' அவள் பதில் போடவில்லை. கடிதங்களுக்குப் பதில் போடுவதும் விளம்பரப் பிரிவின் வேலை.

பதினான்கு படங்கள். அவற்றில் மூன்றில் அவள் கறுத்தப் பெண். வெள்ளைக்காரியைத் தீவுப்பெண் ஆக்குவது அப்போது ஒரு கைத்தொழில். பெயரில்லாத ஒரு தீவு. பிளாஸ்டர் தென்னை. உடம்பு முழுக்க ஸ்பொஞ்சால் மண்ணிற மை. காதில் பூ. நானும் ஒரு தீவில் பிறந்தவள்தான். எங்கள் தீவில் யாரும் காரணமில்லாமல் தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பதில்லை.

"அந்த மை எப்பிடிக் கலந்தவங்கள் தெரியுமோ?" என்றாள் ஒரு நாள். "எங்கயோ இருந்து ஒரு கறுத்தப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில இருத்தினவங்கள். அவளின்ர கையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு என்ர கையில மையைப் பூசிப் பூசிப் பார்த்தவங்கள். ரெண்டும் ஒண்டாய் வந்த உடன அவளை வீட்டுக்கு அனுப்பிப்போட்டாங்கள்."

"அவள் என்ன சொன்னவள்?"

"அவளுக்கு என்ன வசனமே குடுத்தவங்கள்? பேசாம இருந்தவள். கை மட்டும் ஞாபகம் இருக்கு." பிறகு என் கையைப் பார்த்தாள், புருவத்துக்கு மேலே பென்சிலோடு நின்ற கையை. "இதை மாதிரித்தான்."

மன்னிப்புப்போல ஏதோ அவள் முகத்தில் வரப்பார்த்தது. நான் அதை வரவிடவில்லை. அசையாதேயுங்கோ மிஸ், கோடு கோணுது என்றேன். எழுபது வருடம் பிந்தி வருகிற வருத்தமும் ஒரு பூச்சுத்தான். அதைக் கழுவிக்கொண்டிருக்க எனக்கு அட்டவணையில் நேரமில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் ஸ்டூடியோ அவளைக் குடையை மறந்ததுபோல மறந்தது. வயது ஏற ஏறத் தொலைக்காட்சியில் மாமியார் வேடம். தரைக்கு மெழுகு விற்கும் விளம்பரம். கணவர்களாக ஒரு பல் வைத்தியர், ஒரு கார் விற்பனைக்காரன், பெயர் சொல்லவே விரும்பாத இன்னொருவன். பிறகு திரும்பி வந்து இந்த நகரத்தில் ஒரு பெரிய கடையில் இருபது வருடம் திரைச்சீலைத் துணி அளந்து வெட்டினாள். திரையைவிட்டுத் திரைச்சீலைக்கு என்று அவளே சிரிப்பாள். அந்த இருபது வருடத்திலும் புருவம் வரைந்துகொண்டுதான் வேலைக்குப் போனாள்.

ரசிகர் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய படங்களைக் கூடிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற முப்பது நாற்பது பேர். அவர்களின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாதம் ஒருமுறை பழைய புகைப்படங்கள் நிறைந்த பெட்டியோடு வந்து, விரல் ரேகை படக்கூடாதென்று வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்கே அவளைக் காட்டுவார். போகும்போது அவளுக்குக் கை கொடுப்பார். கையுறையைக் கழற்றமாட்டார்.

அவள் தன் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அவர் அந்தப் படங்களைப் பார்த்த நேரம் அதிகம். ஆனால் நாற்காலியில் இருந்தவளை அவர் ஒருநாளும் சரியாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. பேசும்போதுகூட மடியில் இருக்கிற புகைப்படத்தோடுதான் பேசுவார்.

அவளுடைய தொண்ணூற்றைந்தாவது பிறந்தநாளுக்கு விழா எடுப்பதாக அவர் வந்து சொன்னார். சனிக்கிழமை மத்தியானம், இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில். தீவுப் படங்களில் ஒன்று திரையிடப்படும். கேக் வெட்டப்படும். பிறகு அவள், அவர் தரும் மினுமினுப்பான சற்றின் கவுனில், சனத்துக்கு முன்னால் வந்து இரண்டு வார்த்தை சொல்லவேண்டும்.

மறுநாள் காலை நான் பென்சிலை எடுத்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சனிக்கிழமை இது வேண்டாம்."

"எது?"

"இது. விக்கும் வேண்டாம், சற்றின் சட்டையும் வேண்டாம். ஒரு தரம், சாகிறதுக்கு முன்னால ஒரே ஒரு தரம், நான் என்ர சொந்த மூஞ்சையோட சனத்துக்கு முன்னால இருக்கோணும். பதினேழு வயசுக்குப் பிறகு ஒருத்தரும் கண்டதில்லை. புருசன்மார் கூடக் கண்டதில்லை. நீ ஒருத்திதான் கண்டனீ, அதுவும் சம்பளத்துக்கு."

எனக்கு ஏளனமாகத்தான் இருந்தது. சொந்த முகமாம். பிடுங்கினது போக, சுட்டது போக, உறை போட்டது போக, என்ன மிச்சம் இருக்கிறதென்று சனத்துக்குக் காட்டப்போகிறாள்? ஒரு முகத்தைக் கழற்றினால் உள்ளே இன்னொன்று பத்திரமாகக் காத்திருக்கும் என்று நம்புகிறவர்கள் சினிமாக்காரர்கள்தான். ஆனால் அவள் பிடி இறுக்கமாக இருந்தது. அந்தக் கை அப்போது நடுங்கவில்லை.

எங்கள் மாடிக்குப் பொறுப்பான நர்ஸ் சென்னையிலிருந்து வந்த பெண். அவளிடம் சொன்னேன்.

"அக்கா, நீங்க வேற," என்றாள். "தினம் மேக்கப்போட இருக்கிறவங்க விசேஷத்தன்னிக்கு மட்டும் வெறும் மூஞ்சியோட வந்தா என்ன நினைப்பாங்க? ஸ்டாஃப் சரியா கவனிக்கலன்னு கம்ப்ளைன்ட் எழுதுவாங்க. பேசாம போட்டு விட்டுடுங்க."

அதாவது அவள் முகம் எங்கள் வேலைக்குச் சாட்சி. ஸ்டூடியோவும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கும்.

இதற்குள் தலைவர் ஒரு மேக்கப் கலைஞர் தேவை என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். என் தம்பி மனைவி, அதாவது என் மச்சாள், ஸ்காபரோவிலேயே மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசா மாடியில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் செய்கிறவள். கேட்டதும் துள்ளி எழுந்தாள்.

"ஹாலிவுட் நடிகை, மச்சாள். ஒரு படம் எடுத்துப் போட்டனெண்டால் காணும். ஆர் எனக்கு நிகர்?"

"மனுசிக்குத் தொண்ணூற்றஞ்சு வயசு. நீர் செய்யிறதுக்கு அங்க ஒண்டும் இல்லை."

"சும்மா இருங்கோ. என்னட்ட வாற பொம்பிளையளைப் பார்த்தனீங்களோ? அதுகளையே நான் ஆளாக்கி விடுறன்."

அது உண்மை. மச்சாளுக்கு ஒரு சட்டம் உண்டு: பொம்பிளை எந்த நிறமோ, அதற்கு ரெண்டு ஷேட் மேல. ஸ்காபரோவில் அவள் கை பட்ட மணப்பெண்கள் எல்லோரும் ஒரே வெளிச்சத்தில் எரிகிற பல்புகள். முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம், தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளையின் சட்டைத் தோளில் மூன்றாவது நிறம். தன் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கும் அவளே மேக்கப் போட்டாள். எங்கள் பரம்பரையிலேயே வடிவான கறுப்பு அந்தப் பிள்ளை. சடங்குக்குச் சோடித்த மணவறை மேடையில் சாம்பல் பூசின கத்தரிக்காய் போல உட்கார்ந்திருந்து, "ஐ லுக் லைக் எ கோஸ்ட், அம்மா" என்றது. "பேசாம இரு, படத்தில நல்லா வரும்" என்றாள் மச்சாள். படத்திலும் பேய்தான் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை நான் அவள் முகத்தைத் துடைத்தேன். பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அவள் பார்த்தாள். நர்ஸ் சொல்லிவிட்டா மிஸ், என்றேன். நர்ஸ் சொன்னது பாதிதான். மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள், என் புருவத்தை நூறு பேர் பார்ப்பார்கள் என்பது மற்றப் பாதி. அவள் எதிர்க்கவில்லை. கண்ணை மூடி முகத்தைக் கொடுத்தாள், எழுபது வருடப் பழக்கத்தோடு. நான் வரைந்ததிலேயே நல்ல புருவம் அன்றைக்கு வரைந்ததுதான்.

முடிந்ததும் கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "நீயும் ஸ்டூடியோ ஆள்தான்."

மத்தியானம் மச்சாள் சில்லு வைத்த மேக்கப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளே தனக்கு ரெண்டு ஷேட் மேல போட்டிருந்தாள். விக் வைத்தோம். தலைவர் அனுப்பியிருந்த சற்றின் கவுனைப் போட்டோம். முதுகுப் பக்கம் பூட்ட முடியாமல் ஊசி குத்தினோம். அப்போது தலைவர் உள்ளே வந்தார், கையுறையோடு, சுருட்டிய போஸ்டரோடு. கட்டிலில் விரித்தார். தீவுப் படம். மண்ணிறப் பெண், காதில் பூ, நெஞ்சில் தேங்காய்.

"மிகவும் அழகாக இருக்கிறீர்கள்," என்றார் போஸ்டரைப் பார்த்து. பிறகு மச்சாளிடம், "ஒரு சின்ன வேண்டுகோள். இந்தப் போஸ்டருக்குப் பக்கத்தில் இருத்திப் படம் எடுக்கப்போகிறோம். முகத்திலும் கையிலும் கொஞ்சம் அந்த வெயில் பட்ட நிறத்தைக் கொண்டுவர முடியுமா? ரசிகர்கள் நெகிழ்ந்துபோவார்கள்."

ஏரியில் இருந்து வந்த வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முன்பு எப்போதோ வேலை பார்த்த இடத்தைப் பஸ்ஸிலிருந்து பார்ப்பதுபோல.

மச்சாள் பெட்டியைத் திறந்தாள். தட்டுத் தட்டாக விரிகிற பெட்டி. முதல் தட்டில் பால் நிறம், இரண்டாவதில் பிஸ்கட் நிறம், மூன்றாவதில் ரோஜா கலந்த பால். அவள் நான்காவதைத் திறந்தாள். ஐந்தாவதையும் திறந்தாள். தலைவர் உதவி செய்ய நினைத்தார். அங்குமிங்கும் பார்த்தார், என் கையில் கண் நின்றது, வெள்ளைக் கையுறை விரலால் அதைத் தொடாமல் காட்டினார்.

"இதுபோல," என்றார். "கிட்டத்தட்ட இதே நிறம்."

மச்சாள் என் கையைப் பார்த்தாள். தன் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என்னிடம் தமிழில், "உது என்னட்ட இல்லை, மச்சாள்."

"என்ன இல்லை?"

"உந்த நிறம். நான் வாங்கிறேல்லை. ஒருத்தரும் கேட்கிறேல்லையே."

ஐந்து தட்டுகள். கிட்டத்தட்ட நாற்பது குப்பி. இருபது வருடமாக எங்கள் பெண்களுக்கே மேக்கப் செய்கிறவளின் பெட்டியில் எங்கள் பெண்களின் நிறம் ஒரு சொட்டு இல்லை. மச்சாள் தன் கையைத் திருப்பி, பூச்சுப் படாத புறங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள் நடிகை.

சொன்னேன். முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், தலைவருக்கும் கேட்கட்டும் என்று.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். உறை போட்ட பல் அத்தனையும் தெரிய, சற்றின் கவுனில் குத்திய ஊசிகள் கழன்று விழ, இருமி இருமிச் சிரித்தாள். தலைவரும் மரியாதைக்குச் சிரித்தார். பத்து நிமிடத்தில் படம் தொடங்கிவிடும், இருக்கிற நிறம் போதும், கடைசியில் அழைக்கும்போது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு கீழே போனார்.

அவள் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள்.

"துடை."

வெந்நீரில் துவாயை நனைத்துத் துடைத்தேன். என் நல்ல புருவம் துவாயில் இரண்டு மண்ணிறக் கறையாக வந்தது. விக்கை மச்சாள் தானாகவே கழற்றினாள். கவுனைக் கழற்றி, தினமும் போடுகிற சாம்பல் கார்டிகனைப் போட்டோம். நாற்காலியில் இருந்தது யாரோ ஒரு கிழவி. சின்னத் தலை, பஞ்சுபோல நாலு மயிர், கண்ணுக்கு மேல் வெறுமை. புருவம் இல்லாத முகத்துக்கு ஒரு தொல்லை உண்டு. அது எப்போதும் எதற்கோ வியந்துகொண்டிருப்பதுபோலத் தெரியும். ஆயுள் முழுக்க எதற்கும் வியக்காத மனுசிக்கு இப்படி ஒரு முகம்.

"வடிவாய் இருக்கிறனோ?" என்றாள்.

"இல்லை, மிஸ்."

"அப்ப சரி. தள்ளு."

மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். இல்லத்து ஆட்களை வரிசையாகச் சக்கர நாற்காலிகளில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர்களோடு ஒன்றாக அவளையும் மூன்றாவது வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். நர்ஸ் மாத்திரை வண்டியோடு மேல்மாடியில். தலைவர் திரைக்குப் பக்கத்தில் நின்று அவள் வரலாற்றை வாசித்தார். கப்பல் கேப்டனின் மகள் என்று வாசித்தார். தாய் ஸ்பெயின் தேசத்து நடனக்காரி என்று வாசித்தார். எனக்குப் பக்கத்தில் கண்டக்டரின் மகள் கார்டிகன் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

படம் ஓடியது. குப்பை. அதைவிட நல்ல சொல் இருந்தால் தேடியிருப்பேன். மண்ணிறம் பூசிய அவள் முத்துக் குளித்தாள், வெள்ளைக்காரனைப் பார்த்தாள், தேங்காயை அணைத்தாள், அவனுக்கு வந்த அம்பைத் தன் நெஞ்சில் வாங்கிச் செத்தாள். சாகும்போதுகூடப் புருவம் கலையவில்லை.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் அவள் பக்கம் சாய்ந்தார். வெளியிலிருந்து வந்த வெள்ளைக்கார ரசிகர், மார்பில் சங்கத்தின் அட்டை.

"இந்தப் பெட்டை இண்டைக்கு வருவாள் எண்டு சொன்னவங்கள்," என்றார்.

"வந்திட்டாள்," என்றாள் அவள்.

அவர் அவசரமாகக் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார். ஒருவரையும் காணாமல் திரும்பினார்.

"உவளுக்கு நடிக்கத் தெரியாது," என்றாள் அவள்.

"நடிப்பை ஆர் பார்த்தது," என்றார் கிழவர்.

விளக்குப் போட்டார்கள். தலைவர் வாசலுக்கு நடந்தார், லிஃப்ட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பி எங்கள் வரிசையைக் கடந்தார். அவளுடைய முழங்காலில் அவருடைய கால்சட்டை உரசியது. மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுப் போனார், யூனிஃபோர்மில் நின்ற என் முகத்தையும் பார்க்காமல். இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு குரலைச் செருமிக்கொண்டு சொன்னார்: நமது நட்சத்திரத்துக்கு உடல்நிலை திடீரென்று சரியில்லை போலிருக்கிறது, ஆனால் உங்கள் எல்லோருக்கும் தன் அன்பைச் சொல்லச் சொன்னார்.

சனம் கை தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அவள் கையை உயர்த்தினாள். கார்டிகன் கை வழுகி முழங்கைக்கு வந்தது.

"நான் இங்கதான் இருக்கிறன்," என்றாள். குரல் சின்னது, ஆனால் தெளிவு. "நான்தான் அவள்."

எல்லோரும் திரும்பினார்கள், தினமும் விக்கோடும் புருவத்தோடும் மட்டும் அவளைக் கண்ட இல்லத்து ஆட்களும். திரும்பியவர்களின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. எங்கள் இல்லத்தில் தினமும் யாராவது தான் ராணி என்பார்கள், வெளியே ரயில் காத்து நிற்கிறது என்பார்கள், அப்போது நாங்களும் அந்தச் சிரிப்பைத்தான் சிரிப்போம். பக்கத்துக் கிழவர் அவள் கையை மெல்லத் தட்டி, "ஓம், ஓம், ஆர் இல்லையெண்டது" என்றார். தலைவர் மனம் இளகிப்போய், முதல் துண்டு கேக்கை அவளுக்கே கொடுக்கச் சொன்னார். தானே கொண்டுவந்து மடியில் வைத்தார், கையுறையோடு. குனிந்து, நேராக அவள் முகத்தைப் பார்த்து, "சாப்பிடுங்கள் அம்மா" என்றார்.

மச்சாள் சுவரோரம் நின்று உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் பையில் கையை விட்டேன். பென்சில் இருந்தது. இரண்டு கோடு போதும். மூன்று நிமிடம்கூட வேண்டாம், பழகிய கைக்கு ஒரு நிமிடம். மண்டபம் முழுக்க எழுந்து நின்றிருக்கும், தலைவர் அழுதிருப்பார், என் புருவத்தை நூறு பேர் பார்த்திருப்பார்கள். பென்சிலைப் பாதி வெளியே எடுத்துவிட்டேன்.

அவள் பென்சிலையும் மச்சாளையும் பார்த்தாள். தலையை ஒருமுறை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு முள்ளுக்கரண்டியை எடுத்துக் கேக்கைச் சாப்பிடத் தொடங்கினாள். கிறீம் உதட்டில் பட்டது. துடைத்துவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த நாள் ஞாயிறு. நர்ஸுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கோபத்தில் என்னோடு பேசவில்லை. கம்ப்ளைன்ட் ஒன்றும் வரவில்லை. வராத நடிகையைப் பற்றி யார் எழுதுவார்கள்? நான் வெந்நீர் கொண்டுபோனேன். முகம், வாய், உடம்பு, உடுப்பு, நாற்காலி. எல்லாம் முடிய வழக்கம்போல அவள் முன்னால் நின்றேன்.

"கீறவோ?"

"ஆருக்கு?"

எனக்கு என்று சொல்லியிருந்தால் அதுதான் உண்மையாக இருந்திருக்கும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வெறும் முகத்தோடு ஏரியைப் பார்த்தாள். ஏரிக்கு அவளைத் தெரியாது, எனக்குத் தெரிந்து அவளும் ஏரியைப் பெரிதாக மதித்ததில்லை.

மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்து நகம் வெட்டிவிட்டேன். அதாவது அது இன்னும் வெறுத்துப்போய் நிற்கவில்லை, வளர்கிறது.